மாமூல் கொடுத்து நடந்த பூசை: ஹாலந்துக் கத்தோலிக்கருக்குக் கிடைத்தது சகிப்புத்தன்மையா?

பொன்னிக்கரை:
போன மாதம் ஆம்ஸ்டர்டாமில் இரண்டு நாள் தங்கினேன். அங்கே கால்வாய்க் கரையில் ஒரு பழைய வியாபாரி வீடு இருக்கிறது. தெருவில் நின்று பார்த்தால் பக்கத்து வீடுகளுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. உள்ளே போய், முன்னறை, சமையலறை எல்லாம் தாண்டி, ஏணி போல நிற்கும் குறுகிய மரப்படிகளில் ஏறினால், திடீரென்று ஒரு முழுக் கோவில். பீடம், ஆர்கன், இருபுறமும் இரண்டடுக்கு மாடம். ‘பரணில் நம் ஆண்டவர்’ என்பதுதான் அந்த இடத்தின் பெயர்.

யான் ஹார்ட்மன் என்ற கத்தோலிக்க வியாபாரி 1661-ல் இந்த வீட்டையும் பின்னால் சந்தில் இருந்த இரண்டு வீடுகளையும் வாங்கினார். மூன்றின் மேல்தளங்களையும் ஒன்றாக இணைத்து 1663-ல் வேலையை முடித்தார். பீடத்தின் தூண்கள் பளிங்கு போல வண்ணம் பூசிய மரம். ஒரு தூணின் அடிப்பாகத்தைத் திறந்தால், உள்ளே ஒடுங்கியிருந்த பிரசங்க மேடை சுழன்று வெளியே வருகிறது. இந்தப் பீடம் பிந்தியது, 18ஆம் நூற்றாண்டு வேலை. இருக்கிற இடத்துக்குள் ஒன்றையும் விட்டுக்கொடுக்காமல் கோவில் கட்டியிருக்கிறார்களே என்று கண் கலங்கிவிட்டது.

அந்நாளில் அங்கே ஆண்டவர்கள் கால்வினியர், அதாவது புரொட்டஸ்டண்டு சீர்திருத்தச் சபையார். கத்தோலிக்கர் வெளிப்படையாகப் பூசை வைக்கத் தடை. மறைவாக நடந்த இது நகர நிர்வாகத்துக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை நூறு பேருக்கு மேல் ஒரு சந்துக்குள் நுழைந்தால் தெரியாமலா போகும்? தெரிந்துதான் விட்டார்கள். ஸ்பெயினுக்கு எதிராகச் சேர்ந்த மாகாணங்கள் 1579-ல் எழுதிய உட்ரெக்ட் ஒப்பந்தத்தின் 13ஆம் பிரிவு, மத நம்பிக்கைக்காக யாரையும் விசாரிக்கவோ துன்புறுத்தவோ கூடாது என்றது. இங்கிலாந்தைப் பாருங்கள். 1581 சட்டப்படி ஆங்கிலிக்கன் கோவிலுக்குப் போகாதவருக்கு மாதம் 20 பவுண்டு அபராதம். 1586-ல் யார்க் நகரத்து மார்கரெட் கிளித்தரோ, ஒரு கசாப்புக்கடைக்காரரின் மனைவி, குருக்களுக்கு இடம் கொடுத்ததாகப் பிடிபட்டார். நீதிமன்றத்தில் பதில் சொல்ல மறுத்ததால், மேலே ஒரு கதவைப் போட்டு அதன்மேல் பாரம் ஏற்றிக் கொன்றார்கள். இதோடு ஒப்பிட்டால் ஹாலந்து சகிப்புத்தன்மையின் நாடுதான் என்பது என் கருத்து.

சில்லாலைப் பேரன்:
அண்ணா, நீங்கள் பார்த்த பரணிலிருந்து கொஞ்ச தூரத்தில் ‘பழைய கோவில்’ என்று ஒன்று இருக்கிறதே, அதற்குள் போனீர்களா? அது புனித நிக்கோலாஸ் பெயரில் இருந்த கத்தோலிக்கக் கோவில். 1578 மே 26 அன்று கத்தோலிக்க நகர ஆட்சியாளர்களைப் பிடித்துப் படகில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள். பிரான்சிஸ்கன் துறவிகளையும் அப்படியே. அதோடு கோவிலும் கை மாறியது. சொந்தக் கோவிலைப் பறித்துவிட்டு, பரணில் ஏறிக் கும்பிடு என்று சொல்வதற்குப் பெயர் சகிப்பா?

13ஆம் பிரிவைச் சொன்னீர்கள். அது வீட்டுக்குள் இருக்கும் மனசாட்சிக்கு மட்டும்தான் காவல். ஹாலந்து மாகாணத்தில் கத்தோலிக்கப் பொது வழிபாட்டுக்கு 1573-லேயே தடை வந்துவிட்டது. மணி அடிக்கக்கூடாது, ஊர்வலம் கூடாது, தெருவில் கோவிலாகத் தெரியக்கூடாது. அரசுப் பதவியும் இல்லை. இத்தனைக்கும் அந்த மாகாணங்கள் சேர்ந்த டச்சுக் குடியரசு மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கத்தோலிக்கர்.

அப்புறம் பணம். பூசை நடப்பதைக் கண்டுகொள்ளாமல் இருக்க, நகரத்துக் காவல் அதிகாரிக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். நம் ஊரில் இதற்கு மாமூல் என்று பெயர்.

கணக்குப்பிள்ளை:
மாமூல் என்பது சரியான சொல்தான். ஆனால் அது எப்படி வேலை செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். பல ஊர்களில் அது பேசி முடித்த வருடாந்தரத் தொகையாகவே ஆகிவிட்டது. கோவில் இருந்தால்தான் அதிகாரிக்கு வருமானம். அதனால் கோவில் இருப்பதில் அவருக்கும் அக்கறை வந்தது. அன்பால் கிடைக்காத பாதுகாப்பு ஆதாயத்தால் கிடைத்தது. அதை நான் குறைவாக நினைக்கவில்லை.

பயம் என்ற ஒன்றும் இருந்தது. 1580-ல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப், தனக்கு எதிரான கிளர்ச்சியின் தலைவரான ஆரஞ்சு இளவரசர் வில்லியமின் தலைக்கு விலை வைத்தார். 1584-ல் டெல்ஃப்ட் நகரில், அவருடைய வீட்டிலேயே, ஒரு கத்தோலிக்கன் அவரைச் சுட்டுக் கொன்றான். ஸ்பெயின் ஆட்சியில் இருந்த பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் 1597-ல் அன்னா உட்டன்ஹோவன் என்ற அனபாப்டிஸ்ட் (குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத சபை) பணிப்பெண்ணை உயிரோடு புதைத்தார்கள். எல்லைக்கு அப்பால் இது நடக்கும்போது, இந்தப் பக்கம் இருந்த கால்வினியர் கத்தோலிக்கரைச் சந்தேகமாகப் பார்த்ததை நம்மால் புரிந்துகொள்ள முடியாதா?

இன்னொன்று, திருமணம். ஹாலந்தில் 1580 சட்டப்படி, சீர்திருத்தச் சபைப் போதகர் முன்னால் கட்டிக்கொள்ள விருப்பமில்லை என்றால் நகர நீதிபதிகள் முன்னால் பதிவு செய்துகொள்ளலாம். கத்தோலிக்கர் அங்கே பதிந்துவிட்டு, தங்கள் குருவானவரிடமும் போய் மந்திரித்துக்கொண்டார்கள், அதாவது ஆசீர்வாதம் பெற்றுக்கொண்டார்கள். அந்தக் காலத்து ஐரோப்பாவில் இது சின்ன விஷயம் இல்லை.

சில்லாலைப் பேரன்:
பயம் என்கிறீர்கள், சரி. ஸ்பெயினோடு போர் 1648-ல் முடிந்தது. தடைச் சட்டங்களை அப்போது எடுத்தார்களா? இல்லை. குடியரசின் தெற்கே இருந்த பிரபாண்ட் பகுதியில் மக்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர். அங்கே கோவில்களை எடுத்து விரல்விட்டு எண்ணக்கூடிய கால்வினியரிடம் கொடுத்தார்கள். பெரிய கோவிலுக்குள் பத்துப் பேர், கொட்டகைக்குள் ஊரே. இதில் பயம் எங்கே இருக்கிறது?

எனக்கு இது வெறும் வரலாறு இல்லை. ஹார்ட்மன் அந்த வீட்டை வாங்குவதற்கு மூன்று வருடம் முன்னால், 1658-ல், இதே ஹாலந்துக்காரரின் கிழக்கிந்தியக் கம்பெனி யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தது. கத்தோலிக்கக் குருக்களை விரட்டினார்கள். ஒளித்து வைப்பவருக்கு மரண தண்டனை என்றார்கள். பள்ளிக்கூடத் தோம்பில், அதாவது பதிவேட்டில், பெயர் ஏற வேண்டும் என்றால் அவர்கள் சபையில் ஞானஸ்நானம். அப்போதுதான் கல்யாணமும் சொத்தும் செல்லும். 1687-ல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் சுவாமி வந்தபோது குருவாக வர முடியவில்லை, பிச்சைக்காரராக வந்தார். கழுத்தில் செபமாலை தெரிய வீடு வீடாகப் போவாராம். அதைக் கண்டு யார் முகம் மாறுகிறதோ அவர்தான் நம் ஆள் என்று தெரிந்துகொள்வாராம். அம்மம்மா இதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும், யாரோ வெளியே கேட்டுக்கொண்டு நிற்பது போல.

அந்தக் கம்பெனியின் ஆம்ஸ்டர்டாம் அலுவலகம் உங்கள் பரணிலிருந்து சில நிமிட நடைதான், அண்ணா.

தேன்மொழி:
நீங்கள் எல்லாரும் சட்டத்தையும் அதிகாரிகளையும் பற்றியே பேசுகிறீர்கள். அந்தக் கோவில்களை நடத்தியது யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. பெண்கள்!

மடங்களை மூடிவிட்டதால், கன்னியராகப் போக விரும்பிய பெண்கள் மடம் இல்லாமலேயே அப்படி வாழ்ந்தார்கள். ‘க்ளோப்பன்’ என்று அவர்களுக்குப் பெயர். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, பீடத்துணி தைப்பது, பாடல், குருவானவருக்குத் தங்க இடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஹார்லம் நகரத்தில் இப்படி ஒரு பெரிய கூட்டமே சேர்ந்து வாழ்ந்தது. அவர்களில் ஒருவரான ட்ரைன் ஓலி, தன் தோழிகளின் வாழ்க்கையை ஒவ்வொன்றாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். குருக்கள் குறைவாக இருந்த நாட்டில் நம்பிக்கை அடுத்த தலைமுறைக்குப் போனதில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. சகிப்பா மாமூலா என்ற உங்கள் கேள்வியில் இவர்கள் வெறும் பார்வையாளர்கள் ஆகிவிடுகிறார்கள்.

சாவையும் பாருங்கள். முன்னோர் கல்லறை பழைய கோவிலின் தரைக்கு அடியில் இருக்கும். அங்கேதான் புதைக்க வேண்டும், ஆனால் குருவானவர் அங்கே வந்து செபிக்க முடியாது. அதனால் வீட்டிலேயே ஒரு பிடி மண்ணை மந்திரித்து, பெட்டியை மூடுமுன் உள்ளே போட்டார்கள். பிறகு கால்வினியர் கோவிலுக்குச் சுமந்து போனார்கள். வெளியே நின்றவருக்கு அது சாதாரண அடக்கம். உள்ளே கிடப்பவருக்கு அது மந்திரித்த நிலம்.

பொன்னிக்கரை:
தேன்மொழி, அந்த மண் விஷயம் எனக்குத் தெரியாது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை.

பேரனுக்கு: யாழ்ப்பாணம் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் ஊருக்குள் அண்டை வீட்டார் பழகிய விதம் சட்டத்தைவிட நன்றாக இருந்தது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஓவியர் வெர்மீர் சீர்திருத்தச் சபைக் குடும்பத்தில் பிறந்தவர். 1653-ல் கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டினார். டெல்ஃப்டில் ‘பாப்பரசர் ஆட்களின் மூலை’ என்று ஊரார் அழைத்த இடத்தில், இயேசு சபையாரின் மறைவுக் கோவிலுக்குப் பக்கத்தில், மாமியார் வீட்டில் குடியிருந்தார். ஒரு மகனுக்கு இக்னேசியஸ் என்று பெயர் வைத்தார். அது இயேசு சபையை நிறுவியவரின் பெயர். இவ்வளவும் ஊரறிய. அதே வெர்மீரை ஓவியர் சங்கம் தன் தலைவர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது.

சில்லாலைப் பேரன்:
அண்டை வீட்டார் நல்லவர்களாக இருந்திருக்கலாம், அண்ணா. 1796-ல் சட்டமும் சமமாகிவிட்டது. ஆனாலும் 1853-ல் பாப்பரசர் ஹாலந்தில் மறுபடி ஆயர்களை நியமித்தபோது, அந்த அண்டை வீட்டாரே லட்சக்கணக்கில் கையெழுத்துப் போட்டு அரசரிடம் மனு கொடுத்தார்கள். அமைச்சரவையே கவிழ்ந்தது. பரணில் இருக்கும் வரை நல்லவன், இறங்கி வந்தால் ஆபத்தானவன்.

உங்கள் பரணில் பூசை எப்போது நின்றது என்று பார்த்தீர்களா? 1887. சட்டம் சமமாகி 91 வருடம் கழித்து.

பொன்னிக்கரை:
பார்த்தேன். புதுக் கோவில் கட்ட அவ்வளவு காலம் ஆனது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் மறுபடியும் புனித நிக்கோலாஸ், 1578-ல் பறிபோன கோவிலின் அதே பெயர். நீங்கள் சொன்ன பிறகுதான் அது எனக்கு உறைத்தது. இரண்டு கோபுரம், பெரிய குவிமாடம். ரயிலை விட்டு வெளியே வந்து நிமிர்ந்தால் நேர் எதிரே அதுதான் நிற்கிறது.