நாட்டு ஓடு மாற்றத் தெரிந்தவர் தேவை, கும்பகோணம் பக்கம்

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அம்மா வீட்டு ஓட்டைப் பிரித்து மாட்டியாக வேண்டும். பின்கட்டில் ஓட்டைத் தாங்கும் மூங்கில் வரிச்சு எல்லாம் கரையான் அரித்து, கை வைத்தால் உதிர்கிறது. ஞாயிறு மாமாவும் சித்தப்பா பையன்களும் வருகிறார்கள், ஓடு இறக்க, கழுவ, கைமாற்றிக் கொடுக்க ஆள் இருக்கிறது, சாப்பாடு அத்தை பொறுப்பு (மீன் குழம்பாம்). ஆனால் மேலே ஏறி வரிசை பிடித்து அடுக்கத் தெரிந்தவர் இப்போது எங்கள் வீட்டில் யாருமில்லை. அந்த வேலை தெரிந்த பெரியவர் யாராவது இருக்கிறாரா? கூலி கொடுத்துவிடுகிறோம்.

வீடு இடித்த இடத்தில் பழைய நாட்டு ஓடு இருநூறு முந்நூறு கிடந்தாலும் சொல்லுங்கள், வண்டி வைத்து எடுத்துக்கொள்கிறோம். அப்புறம், புது வரிச்சுக்குக் கரையான் மருந்து போதுமா, கழிவு எண்ணெயும் பூச வேண்டுமா? தகரம் போடச் சொல்லி மட்டும் வராதீர்கள், சித்திரை வெயிலில் அம்மாவால் அதற்குக் கீழே படுக்க முடியாது.