எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைச் சேர்க்க யோசனை வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். தேனி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. நான் படித்த அரசுத் தொடக்கப் பள்ளியில் அப்போது மூன்றாம் வகுப்புக்கே இரண்டு பிரிவு. போன வாரம் போய்ப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. ஒரே அறையில் மூன்று வகுப்புகள். கரும்பலகையில் சாக்பீஸால் கோடு கிழித்து, ஒரு பக்கம் கழித்தல் கணக்கு, மறுபக்கம் உயிர்மெய் எழுத்து என்று டீச்சர் ஒருவரே மாறி மாறி நடத்துகிறார்.

கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். ஆசிரியர் போதாது என்று பெற்றோர் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறார்கள்; பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் குறைகிறது.

காலை உணவுத் திட்டம், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடு என்று வீடு வீடாகச் சொன்னோம். "அதெல்லாம் சரி தம்பி, இங்கிலீஷ் பேச வருமா?" என்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

உங்கள் ஊரில் சேர்க்கையைக் கூட்டியவர்கள் இருந்தால் முதலில் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். முன்னாள் மாணவர்கள் பணம் போட்டு, பள்ளி மேலாண்மைக் குழு வழியாக ஆங்கிலம் சொல்லித்தர ஆள் வைக்கலாமா? அனுமதி யாரிடம் வாங்க வேண்டும்? ஜூனில் பள்ளி திறப்பதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.