பொருள்: ஃபியூயல் ட்ரிம்: எரிபொருள் திருத்தமா, எரிபொருள் ஈடா?

வணக்கம்.

பிக்கப் ட்ரக்கில் சொந்தமாகக் கைவைத்து வேலை பார்த்தபின் செக் என்ஜின் விளக்கு எரிந்தால் எங்கே தேடுவது என்ற கையேட்டு அத்தியாயத்துக்கு ஒரு சொல் வேண்டும். ஸ்கேனரில் 'ஃபியூயல் ட்ரிம்' என்று வரும் எண் அது. வரைவில் 'எரிபொருள் வெட்டு' என்று போட்டிருக்கிறது; அதை எடுத்தே ஆக வேண்டும். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டதும் இன்ஜெக்டர்கள் பெட்ரோலை அறவே நிறுத்துகின்றனவே, அதற்குத்தான் வெட்டு பொருந்தும்.

பெட்ரோல் என்ஜினில் எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற விகிதத்தை என்ஜின் கணினி பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. எக்ஸாஸ்டில் உள்ள ஆக்சிஜன் உணரி 'பெட்ரோல் குறைவு' என்று காட்டினால் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டும். 'அதிகம்' என்றால் குறைக்கும். அடிப்படைக் கணக்கைவிட எத்தனை விழுக்காடு கூட்டியது, குறைத்தது என்பதே இந்த எண். பொதுவாக +10க்கும் −10க்கும் இடையில் இருந்தால் கவலையில்லை. 'எரிபொருள் திருத்தம்' என்று முன்மொழிகிறேன்.

---

> 'எரிபொருள் திருத்தம்' என்று முன்மொழிகிறேன்.

இதில் எனக்கு உடன்பாடில்லை. திருத்தம் என்றதும் பிழை தீர்ந்துவிட்டது என்றே வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். இங்கே பழுது அப்படியே இருக்கிறது. கணினி அதற்கு ஈடுகொடுத்துக்கொண்டிருக்கிறது. ஈடுகொடுத்து மாளாமல் எல்லையைத் தொடும்போதுதான் பி0171, பி0174 என்ற 'பெட்ரோல் குறைவு' பழுதுக் குறியீடுகள் பதிவாகி விளக்கு எரிகிறது. (சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக உள்ள வி8 என்ஜினில் முதலாவது, ஒன்றாம் சிலிண்டர் உள்ள வரிசைக்கு, மற்றது எதிர்வரிசைக்கு.) ஆகவே 'எரிபொருள் ஈடு'.

பழுது தேடும் முறையோடும் இந்தச் சொல் ஒட்டிப் போகிறது. இன்டேக் மேனிபோல்ட் கேஸ்கட் மாற்றியபின் விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் நன்றாகச் சூடானபின் ஐடிலிங்கில் ஈடு +24, நிமிடத்துக்கு 2500 சுற்றில் +5. அளக்கப்படாத காற்று எங்கோ உள்ளே புகுகிறது. ஐடிலிங்கில் மேனிபோல்ட்டின் உறிஞ்சல் வலுவானது, என்ஜினுக்குப் போகும் மொத்தக் காற்றோ கொஞ்சம்; அதனால் சிறு கசிவும் பெரும் பங்காகிவிடும். த்ராட்டில் திறந்து காற்று பெருகியதும் அதே கசிவு கணக்கில் கரைந்துபோகும். இப்படி எண் வந்தால் கழற்றிய இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: மடங்கி உட்கார்ந்த கேஸ்கட், மாட்ட மறந்த பிரேக் பூஸ்டர் ஹோஸ், விரிசல்விட்ட பிசிவி ஹோஸ் (என்ஜின் அடிப்பாக வாயுக்களை மேனிபோல்ட்டுக்குக் கொண்டுபோகும் குழாய்), உள்ளே போகும் காற்றை அளக்கும் காற்றோட்ட உணரிக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயின் தளர்ந்த கிளாம்ப். புகை செலுத்திப் பார்ப்பதே பாதுகாப்பானது. சூடான என்ஜின்மேல் கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்க்கும் பழக்கத்தைக் கையேட்டில் எழுதவே கூடாது, தீப்பிடிக்கும்.

எண் தலைகீழாக வந்தால், அதாவது ஐடிலிங்கில் +3, பாரம் இழுக்கையில் +18 என்றால், அழுக்கேறிய காற்றோட்ட உணரியோ பெட்ரோல் அழுத்தக் குறைவோ காரணமாகலாம். எண்ணெய் பூசும் வகை ஏர் ஃபில்டரில் எண்ணெய் மிகுந்துபோனால் உணரிக் கம்பியில் அது படியும். அதற்கென்றே உள்ள கிளீனரை மட்டும் அடிக்கலாம். துணியோ விரலோ படக்கூடாது. அடுத்து பிரஷர் கேஜ் மாட்டிப் பெட்ரோல் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும்.

---

'ஈடு' எனக்குச் சம்மதம். ஆனால் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் 'கூட்டீடு', 'குறையீடு' என்று பிரிக்கும் யோசனை யாருக்கேனும் இருந்தால் இப்போதே விட்டுவிடலாம். 'பழுதுக் குறியீடு' பக்கத்துக்குப் பக்கம் வரும் அத்தியாயத்தில் 'குறையீடு' அச்சுப்பிழையாகவே படும். +, − குறிகளே போதும்.

விளக்கத்தில் ஒரு எச்சரிக்கை சேர வேண்டும். ஈடு ஏறியதெல்லாம் காற்றுக் கசிவு ஆகாது. பிளக் மாற்றும்போது பீங்கான் கீறியோ காயில் கனெக்டர் கிளிக் என்று உட்காராமலோ ஒரு சிலிண்டர் எரியாமல் போனால், செலவாகாத ஆக்சிஜன் நேரே உணரிக்கு வரும். உணரி அதைப் பெட்ரோல் குறைவு என்றே படிக்கும். அந்த வரிசையின் ஈடு ஏறும். உணரிக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிபோல்ட்டில் கசிவிருந்தாலும் இதே கதைதான். சிலிண்டர் எரியாததைச் சொல்லும் பி0300, பி0301 போன்ற குறியீடுகள் கூடவே இருந்தால் அவற்றைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். விளக்கு மின்னி மின்னி எரிந்தால் வண்டியை ஓட்டவே கூடாது. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிடும்.

இன்னொன்று: காற்றோட்ட உணரி இல்லாமல், மேனிபோல்ட் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் என்ஜின்களில் கசிவு ஈட்டில் அவ்வளவாகத் தெரியாது. புகுந்த காற்றும் அழுத்தக் கணக்கில் வந்துவிடும். ஐடிலிங் வேகம்தான் ஏறி நிற்கும்.

---

அப்படியானால் தலைச்சொல் 'எரிபொருள் ஈடு'. இனி அதன் இரண்டு வகைகள். 'குறுகியகால', 'நீண்டகால' என்று போட்டால் நீளம் ஒரு குறை. அதைவிட, உண்மையான வேறுபாடு காலத்தில் இல்லை, நினைவில் இருக்கிறது. ஒன்று உணரியின் சொல்லுக்கு அந்தக் கணமே ஆடுவது. மற்றது அந்த ஆட்டம் ஒரே பக்கமாக நிலைத்தபின் கணினி நினைவில் எழுதிக்கொள்வது. 'உடன் ஈடு', 'பதிந்த ஈடு' என்கிறேன். 'பதிவு ஈடு' வேண்டாம், ஆவணப் பதிவு நினைவுக்கு வரும்.

இரண்டையும் கூட்டிய 'மொத்த ஈடு' என்பதும் வேண்டும். கசிவை அடைத்ததும் பதிந்த ஈடு +20இலேயே நிற்க, உடன் ஈடு −18க்கு இறங்கியிருக்கும். ஒன்றை மட்டும் பார்ப்பவர் புதுப்பழுது வந்ததாக மிரள்வார். மொத்தம் +2 என்று கண்டால் வேலை சரியாக முடிந்தது என்று புரியும். சற்று ஓட்டியதும் பதிந்த ஈடு தானே இறங்கும்.

'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்பதற்கு 'பழுதுக்கணப் பதிவு' என்று வைக்கலாம். குறியீடு பதிவான கணத்தின் சுற்று வேகம், பாரம், கூலன்ட் வெப்பம், இரண்டு ஈடுகள் எல்லாம் அதில் இருக்கும். ஸ்கேனரிலோ பேட்டரி வயரைக் கழற்றியோ குறியீட்டை அழித்தால் அதுவும் போய்விடும். ஆகவே 'அழிக்குமுன் எழுதிக்கொள்க' என்ற வரி அந்த விளக்கத்திலேயே இருக்கட்டும். மறுப்பு இல்லையென்றால் ஐந்து சொற்களையும் வரைவில் மாற்றிவிடுகிறேன்.