புதுப்பிப்பு: படுக்கையறை அலமாரிக்கு ஸ்லைடிங் கதவே போட்டோம்

கட்டிலுக்கும் 6 அடி அலமாரிக்கும் நடுவே 2 அடிதான் இடம், எந்தக் கதவு சரிவரும் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கதவு திரும்பும் வளைவைத் தரையில் சாக்பீஸால் வரைந்து பார்க்கச் சொன்னதுதான் முடிவெடுக்க உதவியது. 18 அங்குலக் கதவைத் திறந்தால் நிற்க 6 அங்குலமே மிஞ்சியது. அதனால் இரண்டு ஸ்லைடிங் கதவுகள்.

எதிர்பாராதது, கதவுகளும் அவை ஓடும் சேனலும் உள்ஆழத்தில் 3 அங்குலத்தை எடுத்துக்கொண்டன. 24 அங்குலம் 21 ஆனதில், ஹேங்கரில் மாட்டிய கனத்த சட்டைகளின் கை கதவில் உரசுகிறது. ஆசாரியிடம் முதலிலேயே 27 அங்குலம் சொல்லியிருக்க வேண்டும். அப்புறம், இழுப்பறையை நடுவில் வைக்காதீர்கள்; எப்போதும் ஒரு கதவு மறைக்கும். எங்களுடையதைக் கழற்றி ஓரத்துக்கு மாற்றினோம்.