டெஷூட்ஸ் ஆற்றில் ஸ்டீல்ஹெட்: கடித்ததும் நழுவிவிடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். அமெரிக்காவின் ஓரிகனில் மோப்பின் ஊருக்கு அருகே, டெஷூட்ஸ் ஆற்றில் இரண்டு இலையுதிர்காலமாகக் கொக்கைப்போல் நிற்கிறேன். கடலில் வளர்ந்து, கொலம்பியா ஆறு வழியாக ஏறிவரும் ஸ்டீல்ஹெட் (வானவில் டிரவுட் வகை மீன்) இதுவரை மூன்றே முறை கடித்தது. மூன்றும் போய்விட்டன.

13 அடி இருகைத் தூண்டில் கழி, மிதக்கும் கயிறு, முள்ளில் இறகு கட்டிய போலி ஈ. ஆற்றின் குறுக்கே சற்றுக் கீழ்நோக்கி வீசுகிறேன். ஈ வளைந்து கரையோரம் வந்ததும் இரண்டடி இறங்கி மறுபடி வீச்சு. இழுப்பை உணர்ந்த நொடியில்தான் வினை. மீன் ஈயோடு திரும்பும்வரை கழியைத் தூக்காதே என்கிறார்கள். தக்கை மூழ்கியதும் கெண்டையைச் சுண்டிப் பழகிய கை கேட்டால்தானே!

விரலுக்கும் ரீலுக்கும் (கயிறு சுற்றும் உருளை) இடையே கயிற்றைச் சிறு வளையமாகத் தொங்கவிட்டால் பலன் உண்டா? ரீலை எவ்வளவு தளர்வாக வைக்கிறீர்கள்? வெயில் நீரில் விழுந்தபின் நுனி மட்டும் மூழ்கும் கயிற்றுக்கு மாறலாமா? பிற்பகலில் பள்ளத்தாக்கில் ஆற்றை எதிர்த்து மேல்நோக்கி அடிக்கும் காற்றுக்கு எந்த வீச்சு ஒத்துவரும்?

சமையலுக்காகக் கேட்கவில்லை. பண்ணை மீனுக்கு அடையாளமாக வெட்டும் கொழுப்புத் துடுப்பு (முதுகில் வாலருகே உள்ள சிறு துடுப்பு) வெட்டப்படாத இயற்கை மீனை எப்படியும் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். ஒரு முறையாவது கையில் ஏந்திப் பார்த்துவிட்டு விட ஆசை.