கம்பத்துத் தீவு கேம்: 4 கி.மீ. மேப் போதுமா?

பொங்கோல்_பிக்சல்:
மூணு பேர் சேர்ந்து யூனிட்டி கேம் இன்ஜின்ல ஒரு திறந்த உலக (எங்க வேணும்னாலும் சுத்தலாம்) கேம் செய்றோம். 1960கள்ல நடக்கிற கம்பத்துத் (கிராமத்து) தீவு. வண்டி கிடையாது, ஓட்டம் நொடிக்கு 5 மீட்டர். மேப் 4 × 4 கி.மீ., சிங்கப்பூர் புலாவ் உபின் தீவைவிடப் பெரிசு. விளையாடினவங்க "காலியா இருக்கு"ங்கிறாங்க. பெரிசாக்கினா சரியாகுமா? 16 × 16 வரைக்கும் இழுத்துப் பார்த்தோம். தூர மூலையில கையில இருக்கிற கத்தி நடுங்குது.

பழைய_கன்சோல்:
பெரிசாக்கினா இன்னும் காலியாத்தான் தெரியும். சதுர கிலோமீட்டரை விடுங்க, நொடியில கணக்குப் போடுங்க. விட்சர் 3 கேம் செஞ்ச குழு 40 நொடிக்கு ஒருமுறை ஏதாவது கண்ணுல படணும்னு வச்சிருந்தாங்க. உங்க வேகத்துக்கு அது 200 மீட்டர். ஒரு பக்கம் 4 கி.மீ.ன்னா 20 × 20, அதாவது 400 இடம். மூணு பேரால ஆகாது. 2 × 2ன்னா 100; கடலையும் மேட்டையும் கழிச்சா இன்னும் குறையும். எல்லாமே சண்டையா இருக்கணும்னு இல்ல, கிணறு, படகுத்துறை, கைவிட்ட கல்குவாரி போதும். பின்னால சைக்கிள் சேர்த்தா மறுபடி அளக்கணும்: நொடிக்கு 10 மீட்டர்னா இடைவெளி 400. தூரத்தைப் பாதை வழியா அளங்க, நேர்கோட்டுல அளந்தா ஏமாத்தும்.

வரைபடவாசி:
இடைவெளி சரியா இருந்தும் எல்லாம் ஒரே பார்வையில தெரிஞ்சா தேடலே இருக்காது. பிரெத் ஆஃப் த வைல்ட் கேம்ல (2017) குன்றுகளை முக்கோணமா வச்சது அதுக்குத்தான்: பின்னால இருக்கிறதை மறைக்கும், சுத்தி வந்தாலோ ஏறினாலோ காட்டும். கேமராவை 1.6 மீட்டர் உயரத்துல வச்சு ஒவ்வொரு இடத்துலயும் சுழட்டுங்க. எதுவுமே தெரியலன்னா தூரத்துல ஒரு கெலோங் (கடல்ல கால் நட்டுக் கட்டின மீன்பிடி மேடை), இல்ல அடுப்புப் புகை வைங்க. அஞ்சாறு தெரிஞ்சா நடுவுல தென்னந்தோப்பு. ஐகானைக் குவிக்காதீங்க, அப்புறம் ஆள் மேப்பைப் பார்த்தே ஓடுவார். எல்டன் ரிங்ல மேப் துண்டை எடுக்கிற வரைக்கும் அந்த வட்டாரம் வெறுமையாத்தான் இருக்கும். துண்டு இருக்கிற தூண் மட்டும் சின்னதா தெரியும்.

ஃப்ளோட்_ராஜா:
கத்தி விஷயம்: இடக்குறிப்பு 32 பிட் ஃப்ளோட், அதாவது பூஜ்யத்திலேர்ந்து தள்ளிப் போகப் போகத் துல்லியம் குறையிற தசம எண். 8,192 மீட்டரைத் தாண்டினா ஒவ்வொரு படியும் கிட்டத்தட்ட 1 மி.மீ. கேமராவுக்கு ஒட்டின கையில அது அப்படியே தெரியும், கை மாடலை அசைக்கிற எலும்புகள்ல ஒண்ணுக்கு ஒண்ணு பிழையும் சேரும். முதல்ல பூஜ்யப் புள்ளியை மூலையிலேர்ந்து மேப் நடுவுக்கு மாத்துங்க, பாதிப் பிழை போயிடும். அதுக்கும் மேல பெரிசு வேணும்னா, ஆள் 1 கி.மீ. தாண்டும்போதெல்லாம் உலகத்தையே பின்னால நகர்த்தணும். அப்போ உலக இடக்குறிப்புல ஓடுற பார்ட்டிகிள் (புகை, தூசி மாதிரி), நேவ்மெஷ் (கேம் ஆட்கள் நடக்கிற தளம்) பாதை, சேவ் பண்ணின இடம் மூணும் கெடும். மேப்பைக் கட்டங்களாப் பிரிச்சு, சேவ்ல கட்டம் எண், கட்டத்துக்குள்ள தூரம்னு தனித்தனியா எழுதுங்க. 2 × 2க்கு இதெல்லாம் தேவையே இல்ல.