புதுப்பிப்பு: ரீஸ்டோர் செய்த விஎம் ஏன் பூட் ஆகவில்லை

போன வாரம் கேட்டிருந்தேனே, ப்ராக்ஸ்மாக்ஸில் (ஒரே கம்ப்யூட்டருக்குள் பல விஎம்களை, அதாவது மெய்நிகர் கம்ப்யூட்டர்களை, ஓட்டும் மென்பொருள்) ஓடும் எங்கள் ஆபீஸ் பில்லிங் சர்வரின் பேக்கப்பைச் சோதனைக்காக ரீஸ்டோர் செய்தால், அதிலுள்ள உபுண்டு (லினக்ஸ் ஓஎஸ்) 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் (பழுது பார்ப்பதற்கான நிலை) போய் நிற்கிறது என்று. காரணம் கிடைத்துவிட்டது. தப்பு என்னுடையதுதான்.

பேக்கப் லாகை முழுசாகப் படிக்கச் சொல்லி இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்தேன். நடுவில் ஒரு வரி: 'எக்ஸ்க்ளூட் டிஸ்க் ஸ்கஸி1, பேக்கப்=நோ'. அதாவது அந்த டிஸ்க்கை பேக்கப்பில் சேர்க்கவில்லை. டேட்டாபேஸ் இருக்கும் 200 ஜிபி டிஸ்க் அது! பேக்கப் போய்ச் சேரும் என்ஏஎஸ்ஸில் (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) இடம் போதவில்லை என்று எப்போதோ நானே அதன் 'பேக்கப்' டிக்கை எடுத்துவிட்டு மறந்திருக்கிறேன். தினமும் ராத்திரி 'வெற்றி' என்று மெயில் வேறு வந்துகொண்டிருந்தது. எஃப்எஸ்டேப்பில் (பூட் ஆகும்போது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியல்) எழுதியிருந்த டிஸ்க் கிடைக்காமல்தான் பூட் பாதியில் நின்றிருக்கிறது.

சரி, டிக் போட்டு, புதிதாக பேக்கப் எடுத்து, வேறு விஎம் எண்ணில் ரீஸ்டோர் செய்தேன். 'யூனிக்' டிக்கையும் போட்டேன். இல்லாவிட்டால் பழைய மேக் முகவரியே (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வந்து, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரோடு மோதும். ஆனால் எங்கள் சர்வரில் ஐபியை (நெட்வொர்க் முகவரி) கையால் கொடுத்திருக்கிறோம், அது நகலிலும் அப்படியே வரும், அதற்கு இந்த டிக் உதவாது. அதனால் நெட்வொர்க் கார்டின் இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் ஆன் செய்தேன்.

பூட் ஆனது. டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல் எழுந்தது, நேற்று மாலை போட்ட கடைசி பில் வரை இருக்கிறது.

பேக்கப் இப்போது 41 நிமிடம் எடுக்கிறது. என்ஏஎஸ்ஸும் மறுபடி நிரம்பி வருகிறது. பழைய பேக்கப்களில் எத்தனையை வைத்துக்கொள்வது என்று இனிதான் கணக்குப் போட வேண்டும்.